பத்தில் ஒருத்தி

யுத்த காலத்தில் ஆவடிக்கு அப்பால் வரிசையாக முளைத்த ராணுவக் கிடங்குகளில் ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வீடு அம்பத்தூரில். அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கூடத்தில் இயேசுநாதர் படத்துக்கு ஒரு சாண் தள்ளி இங்கிலாந்து ராஜா ராணி படம் மாட்டியிருக்கும். ஞாயிறு காலை ஆலயத்துக்குக் கிளம்புமுன் அப்பா இரண்டு படங்களையும் ஒரே துணியால் துடைப்பார். வெள்ளைக்காரனிடம் ஒரு குறையை நல்ல இங்கிலீஷில் ஒழுங்காக எழுதிக் கொடுத்தால் என்றைக்காவது நியாயம் கிடைத்தே தீரும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான். அந்த நம்பிக்கை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டுப் போயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

சண்டை நடக்கும் இடங்களிலிருந்து கிழிந்த கூடாரங்கள் லாரி லாரியாக எங்கள் கிடங்குக்கு வந்து இறங்கும். அவற்றைப் பிரித்து, உலர்த்தி, கோணி ஊசியால் ஒட்டுப் போட்டு, மறுபடி மடித்து அனுப்ப வேண்டும். இந்த வேலையைப் பெண்கள் செய்தார்கள். முத்தாபுதுப்பேட்டை, திருமுல்லைவாயில், ஏரிக்கரைக் குப்பங்கள் என்று சுற்று வட்டாரத்திலிருந்து இருநூறு பேருக்குக் குறையாமல் வருவார்கள். பலர் பயிர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். கிடங்குக்கென்று நிலத்தை எடுத்த பிறகு போக வயல் இல்லாதவர்கள். கித்தான் துணியில் எந்த நாட்டுச் சேறோ அப்பியிருக்கும். சில சமயம் சேற்றோடு ரத்தக் கறையும் இருக்கும். அதையும் தேய்த்துக் கழுவிவிட்டு ஊசியை எடுப்பார்கள்.

தையல் கொட்டகையில் எல்லாரும் பெரியக்கா என்று கூப்பிட்ட ஒருத்தி இருந்தாள். முத்தாபுதுப்பேட்டைக்காரி. நாற்பது வயதிருக்கும். நல்ல உயரம், முகத்தில் அம்மைத் தழும்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவள்தான் முதன்முதலில் என் அறை ஜன்னலுக்கு வந்து நின்றாள்.

"டைப்பம்மா, ஒரு காயிதம் எழுதித் தரணும்."

ஏரிக்கரையை ஒட்டிய நடைபாதையில் முள்கம்பி போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பெண்கள் இரண்டு மைல் சுற்றி வர வேண்டியிருந்தது. கம்பியில் ஒரு சின்னக் கதவு வைத்தால் போதும் என்பது அவர்கள் கோரிக்கை. 'மிகுந்த தாழ்மையுடன்' என்று தொடங்கி அழகாக ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நான்கு நாள் கழித்து அதற்குப் பதில் டைப் அடிக்கும் வேலையும் என்னிடமே வந்தது. 'உங்கள் விண்ணப்பம் கவனத்தில் உள்ளது.' அதையும் நானே அடித்து, மதிய இடைவேளையில் கொட்டகைக்குப் போய்த் தமிழில் நானே படித்துக் காட்டினேன்.

"கவனத்துல கீதாமே," என்று ஒருத்தி சந்தோஷமாகச் சொன்னாள்.

கதவு வரவில்லை. அடுத்த மனு தண்ணீருக்காக. குழாய் ஆபீஸ் காம்பவுண்டுக்குள் இருந்தது. இவர்களுக்கு வெயிலில் வைத்த இரும்புப் பீப்பாய். அதற்கும் பதில் கவனத்தில்தான் இருந்தது. மூன்றாவது, கைக்குழந்தைக்காரிகளுக்காக. மதியம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாமியாரோ நாத்தனாரோ வேலிக்கு வெளியே வந்து நிற்பார்கள். தாய்மார் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். திடீரென்று அதை நிறுத்திவிட்டார்கள். திருமுல்லைவாயிலிலிருந்து வந்த ஒரு சின்னப்பெண், தலைச்சன் பிள்ளைக்காரி, மதியத்துக்கு மேல் மார்பு கட்டி, ரவிக்கை நனைந்து, தைக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த மனுவை நான் மனசு வைத்து எழுதினேன். பதிலில் ஒரு சொல் கூடியிருந்தது. 'உரிய கவனத்தில்.'

எங்கள் துரை கெட்டவர் அல்ல. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மேஜர் அந்தஸ்து. நான் அறைக்குள் போனால் எழுந்து நிற்பார். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். மேஜைமேல் அவருடைய இரண்டு பெண்களின் படம் இருந்தது. ஒரு மனுவைக்கூட அவர் கிழித்துப் போட்டதில்லை. ஒவ்வொன்றையும் நூல் கோத்துக் கோப்பில் வைப்பார். வைத்தால் வேலை முடிந்தது என்று உண்மையாகவே நினைத்தார்.

அப்புறம் நூல்கண்டுகள் காணாமல் போக ஆரம்பித்தன. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. சாயங்காலம் வெளியே போகும்போது கேட்டில் பெண்களைச் சோதனை போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதையும் நான்தான் அடித்தேன். காகிதத்தில் 'சோதனை' என்று அடிக்கும்போது சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்ப்பார்கள் என்றுதான் எண்ணினேன்.

கேட்டில் நின்றவர்கள் ஆண்கள். முதல் நாள் தூக்கைத் திறந்தார்கள். மறுநாள் முந்தானையை உதறச் சொன்னார்கள். அடுத்த வாரம் கொசுவத்தைக் கையால் தட்டிப் பார்த்தார்கள். ஒரு சாயங்காலம் அந்தத் திருமுல்லைவாயில் பெண்ணின் முறை வந்தபோது, காவல்காரன் அவள் கொண்டைக்குள் விரலை விட்டுக் கலைத்தான். பிறகு ரவிக்கை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டான். பக்கத்தில் நின்றவன் சிரித்தான்.

நான் நாலடி பின்னால் நின்றிருந்தேன். ஆபீஸ் பாஸைக் காட்டினேன். "போங்கம்மா" என்று வழிவிட்டார்கள். நானும் போனேன். ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டின் முன் உட்கார்ந்தேன். ஒரு வாய் இறங்கவில்லை.

மறுநாள் மதியம் பெரியக்கா ஜன்னலுக்கு வரவில்லை. நானே கொட்டகைக்குப் போனேன். எல்லாரும் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் தலைமயிரை இறுக்கிப் பின்னி, தொங்க விட்டிருந்தாள். இனிக் கொண்டை போடப் போவதில்லையாம்.

"இன்னொரு மனு எழுதலாம் பெரியக்கா. இந்த முறை எல்லாக் குறையையும் சேர்த்து எழுதலாம்," என்றேன்.

அவள் ஊசியைக் கித்தானில் குத்தி நிறுத்தினாள். "எழுதுங்க. ஆனா ஒவ்வொரு வரியும் எனுக்குத் தமிழ்ல சொல்லணும்."

எழுதினேன். முதல் வரியைச் சொன்னதுமே நிறுத்தினாள்.

"அது இன்னா, தாழ்மையுடன்?"

"மரியாதைக்கு எழுதுறது, பெரியக்கா."

"கொண்டையில கைய உட்டவங்கிட்ட இன்னா தாழ்மை? எடுங்க அத்த."

எடுத்தேன். அதை எடுத்தால் மனு எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியவில்லை. என் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு மனு எழுதச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசியில், 'இந்தக் கொட்டகையில் வேலை செய்யும் பெண்கள் சொல்வது' என்று தொடங்கினேன். கீழே இருநூறு கட்டைவிரல் ரேகைகள் விழுந்தன. கித்தானின் தார்ச்சாயம் படிந்த விரல்கள். பல ரேகைகள் சரியாகப் பதியவே இல்லை, வெறும் கறுப்பு வட்டம்.

துரை என்னைக் கூப்பிட்டார். வழக்கம்போல எழுந்து நின்றார்.

"இதை எழுதியது யார்?"

"நான்தான்."

அவர் காகிதத்தை மறுபடி மேலிருந்து படித்தார். "நல்ல இங்கிலீஷ். ஆனால் தாழ்மையுடன் என்ற சொல்லைக் காணோமே."

"அதை எடுக்கச் சொன்னார்கள்."

"நீங்கள் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஞாபகம் இருக்கட்டும்," என்றார். மிரட்டவில்லை, என் நன்மைக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார். பிறகு தாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார். குழாய்த் தண்ணீர் கொடுப்பார். வேலியில் கதவு வைப்பார். மதியம் தாய்மாரை அனுப்புவார். சோதனையையும் குறைத்துவிடுவார், எல்லாரையும் அல்ல, பத்தில் ஒருத்தியை மட்டும் சோதிப்பார்கள். ஆனால் யாரைச் சோதிப்பது என்பது காவல்காரர்களின் விருப்பம். அந்த அதிகாரத்தை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது.

நான் கொட்டகைக்கு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்துவிட்டது! மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் என்றதும் சிலர் கைதட்டினார்கள். பத்தில் ஒருத்தி என்றதும் கைதட்டல் நின்றது.

பெரியக்கா கேட்டாள்: "அந்த ஒருத்தி யாரு?"

சுற்றி இருந்தவர்களை ஒவ்வொருத்தியாக விரலால் காட்டினாள்.

"இன்னிக்கு இவ. நாளிக்கு அவ. யாருன்னு தெரியாம இருநூறு பேரும் நெஞ்சப் புட்ச்சிகினு நிக்கணும். கை வைக்கலாம்னு எழுதி வச்சிகினு, கம்மியா வைக்கிறேன்றான். வைக்கலாம்னு இவனுக்கு யாரு சொன்னா?"

அப்போதுதான் எனக்குப் பள்ளிக்கூடத்துச் சரித்திர பாடம் ஒன்று புரிந்தது. இங்கிலாந்து தேச சரித்திரத்தில் அமெரிக்காவை இழந்த கதை ஓர் அத்தியாயம். அதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் குழப்பமாக இருந்தது. அங்கே குடியேறியவர்கள் வரி வேண்டாம் என்று மனுமேல் மனு போட்டார்கள். சீமையில் பெரும்பாலான வரிகளை எடுத்துவிட்டார்கள்; தேயிலைக்கு மட்டும் ஒரு சின்ன வரியை வைத்துக்கொண்டார்கள். பிறகு தேயிலை முன்னைவிட மலிவாகவே வந்து இறங்கியது. அப்படியும் அந்த ஜனங்கள் பெட்டி பெட்டியாக அதைக் கடலில் கொட்டினார்கள். மலிவாகக் கிடைப்பதை எதற்காகக் கொட்ட வேண்டும்? பரீட்சையில் காரணத்தை மனப்பாடமாக எழுதி மார்க் வாங்கினேனே தவிர, எனக்கு அது விளங்கியதே இல்லை. இப்போது கித்தான் குவியலின் நடுவே விளங்கியது. வரி போடலாம் என்ற உரிமையைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் அந்தச் சின்ன வரி. அதை ஒத்துக்கொண்டால் எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதாகும்.

அதைக் கதையாக அவர்களுக்குச் சொன்னேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். முடிந்ததும் அந்தத் திருமுல்லைவாயில் பெண் கேட்டாள்.

"அந்த ஜனம் யாரு? நம்ப மாதிரியா?"

"இல்லை. அவங்களும் வெள்ளைக்காரங்கதான். இங்கிலீஷ் பேசறவங்க. அதே ராஜாவோட குடிங்க."

"சொந்த ஜனம் குடுத்த மனுவையே ராஜா படிக்கலியா?"

"படிக்கலை."

கொட்டகையின் அந்த மூலையிலிருந்து யாரோ ஒருத்தி சொன்னாள்: "அப்ப நம்புளுத எங்க படிக்கப் போறான்!"

ஒரு சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்போடு அந்தப் பெண்கள் மனு எழுதுவதை விட்டார்கள் என்று நினைக்கிறேன்.

"அப்புறம் அவுங்க இன்னா செஞ்சாங்க?" என்று பெரியக்கா கேட்டாள்.

"சண்டை போட்டாங்க. கடைசியில தங்களைத் தாங்களே ஆள ஆரம்பிச்சாங்க."

"நம்பகிட்ட துப்பாக்கி இல்ல," என்றாள் அவள் நிதானமாக. "ஊசிதான் கீது. அதையும் கீழ வச்சிட்டா இவனுக்குக் கூடாரம் ஏது?"

மறுநாள் காலை நான் ரயிலை விட்டு இறங்கி நடந்து வந்தபோது கேட்டுக்கு வெளியே சாலையோரத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் பெரியக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். வா என்றும் இல்லை, போ என்றும் இல்லை. நான் பாஸைக் காட்டி உள்ளே போனேன். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்று முழுக்க உள்ளேதான் இருந்தேன். அடுத்த நாளும்.

மூன்றாம் நாள் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வேறு பெண்களை இரண்டு லாரிகளில் கொண்டுவந்தார்கள். கேட்டருகே லாரி நின்றதும் பெரியக்கா எழுந்து போய்ப் பின்பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசினாள். ஜன்னலிலிருந்து எனக்குக் கேட்கவில்லை. அந்தத் திருமுல்லைவாயில் பெண் முன்னால் வந்து, பின்னலை எடுத்துக் காட்டுவது மட்டும் தெரிந்தது. ஒருத்தி லாரியிலிருந்து குதித்தாள். பிறகு இன்னொருத்தி. மொத்தப் பேரும் இறங்கி, வந்த வழியே பூந்தமல்லி ரோட்டில் நடக்க ஆரம்பித்தார்கள். லாரிக்காரன் கெஞ்சிக்கொண்டே கொஞ்ச தூரம் பின்னால் ஓட்டிப் போனான்.

அன்று மதியம் துரை ஒரு குறிப்பைக் கொடுத்தார். நாளைக்குள் வேலைக்குத் திரும்பாதவர்கள் யுத்தகாலச் சட்டப்படி நீக்கப்படுவார்கள், தூண்டிவிட்டவர்கள்மேல் வழக்கு. கீழே முதல் பெயர் பெரியக்காவுடையது. காகிதத்தைச் சொருகி அடிக்கத் தொடங்கினேன். பாதி வந்தபோது, இதை வெளியே போய்த் தமிழில் படித்துக் காட்டப் போவதும் நான்தானே என்று தோன்றியது. விரல் அதற்குமேல் நகரவில்லை.

காகிதத்தை உருவி மேஜைமேல் வைத்தேன். மெஷின்மேல் உறையைப் போட்டேன். துரையின் அறைக்குப் போய், "இதை என்னால் அடிக்க முடியாது," என்றேன்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நன்றாக இருக்கிறது."

அவர் எழுந்து நின்றபடியே இருந்தார். "யோசித்துப் பேசுங்கள்," என்றார்.

"யோசித்தாயிற்று," என்றேன்.

வெளியே போய் அவர்களோடு மண்ணில் உட்கார்ந்தேன். பெரியக்கா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "துன்னியா?" என்று கேட்டாள். அதுவரை என்னை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள். அன்று முதல் நீ. இல்லை என்றேன். தன் தூக்கிலிருந்து ஒரு கவளம் கேழ்வரகுக் களியைப் பிட்டுக் கையில் வைத்தாள். தின்றேன்.

அப்பாவிடம் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. அவர் முழுக்கக் கேட்டார். "முறைப்படி எழுதிக் கொடுத்தீர்களா?" என்றார்.

"நாலு முறை, அப்பா."

"பதில்?"

"நான்தான் டைப் அடித்தேன்."

தாமும் தம் சர்வீஸில் ஒரு விஷயத்துக்காகப் பதினோரு வருஷம் எழுதிக்கொண்டிருந்ததாக அன்றுதான் சொன்னார். வெள்ளைக்கார கார்டுகள் ஓய்வெடுக்கும் அறையில் தாங்களும் உட்கார இடம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மாவுக்குக்கூட அது தெரியாது. "கவனத்தில் இருப்பதாகத்தான் கடைசிவரை எழுதினார்கள்," என்றார். மறுநாள் காலை நான் கிளம்பும்போது, வெயிலுக்கு ஆகும் என்று தம் குடையை நீட்டினார்.

மொத்தம் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள், மூன்றாம் நாளிலிருந்து நானும். துரையின் கெடு கடந்தும் யாரும் உள்ளே போகவில்லை. போலீஸ் வந்து மிரட்டியது. ஒரு நாள் மழை கொட்டியது. உள்ளே கூடாரங்கள் மலையாகக் குவிந்தன. பத்தாம் நாள் காலை துரையே கேட்டுக்கு வந்தார். பெண்களைப் பெண்கள்தான் சோதிப்பார்கள். தட்டி கட்டிய தனி இடத்தில். தூக்கையும் பையையும் மட்டும். உடம்பில் கை வைக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். தண்ணீர், கதவு, மதிய வேளை எல்லாமும் உண்டு. ஆனால் பெரியக்காவுக்கும் எனக்கும் வேலை கிடையாது.

பெண்கள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இல்லாமல் உள்ளே போகமாட்டோம் என்றார்கள். பெரியக்காதான் அதட்டி அனுப்பினாள். "போங்க. உள்ள ஆளு வோணும். எழுதிக் குடுத்தத செய்றானான்னு யாரு பாக்குறது?" அந்தத் திருமுல்லைவாயில் பெண் முதலில் எழுந்து, நேராகக் கேட்டை நோக்கி நடந்தாள்.

நாங்கள் இருவரும் ஆவடி ஸ்டேஷன் வரை நடந்தோம். ஜெயித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பூரிப்பு. பெரியக்கா கேட்டை அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஸ்டேஷன் அருகே நின்று சொன்னாள்:

"கேட்டது எல்லாம் குடுத்துட்டான். ஆனா குடுக்குறவனும் அவன்தான், நாளிக்குப் புடுங்குறவனும் அவன்தான். எங்க வயலு போன எடத்துல நிக்கிற கேட்டு அது. நம்ப ஊட்டு வாசல்ல நின்னுகினு நம்புளுக்கு வழி உடறான். இவன் போவணும்மா. கேட்டுல இருந்து இல்ல. மொத்தமா."

வெள்ளைக்காரன் போக வேண்டும் என்ற அந்த வார்த்தையை ஊர்வலங்களில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுவரை அது ஒரு கோஷமாகத்தான் என் காதில் விழுந்தது. வேலிக் கதவில் தொடங்கி, தண்ணீர், பால், கொண்டை என்று ஒவ்வொரு படியாக ஏறி அவள் அங்கே வந்து நின்றதை நான் கூடவே இருந்து பார்த்தேன். அவளுக்கு யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்த மாதம் அம்பத்தூரிலிருந்து பாடிவரை அதே கோஷத்தோடு ஓர் ஊர்வலம் போயிற்று. நாங்கள் இருவரும் போனோம். விடுமுறை நாளானதால் கொட்டகைப் பெண்களில் முப்பது பேர் வந்தார்கள். பாடி அருகே தடியடி நடந்தது. என் இடது மணிக்கட்டில் ஓர் அடி விழுந்து எலும்பில் விரிசல் விட்டது. கோர்ட்டில் எங்கள் இருவருக்கும் மூன்று வாரம் சிறைத் தண்டனை. உள்ளே இருந்த நாட்களில் பெரியக்காவுக்கு எழுத்து எழுதிக் காட்டினேன். அவள் பெயரின் முதல் எழுத்தைச் சுவரில் கரியால் எழுதிப் பார்த்துவிட்டு, "கோணி ஊசி மாதிரி கீது," என்றாள்.

விடுதலையாகி வந்த அன்று பாடிப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலிருந்து நான்கு பெண்கள் எங்களைத் தேடி வந்து காத்திருந்தார்கள். அவர்கள் குறையைக் கேட்க வேண்டுமாம். என் மணிக்கட்டில் இன்னும் கட்டு இருந்தது. வீட்டுக்குப் போய்க் குளிக்க வேண்டும்போல் இருந்தது. பெரியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சூளை எம்மாந் தூரம்?" என்று அவர்களைக் கேட்டாள். அவர்கள் கை காட்டிய திசையில் ஆறு பேரும் நடந்தோம்.